நாகவள்ளியின் வயிறு பேசிய இங்கிலீஷ்

புளி தட்டுகிறவளுக்குக் கையும் வாயும் இரண்டு தனித்தனி ஆட்கள் மாதிரி; கை தன் பாட்டுக்குப் பழத்தைக் கல்லின் மேல் வைத்து இரும்புத் தண்டால் ஒரு தட்டு தட்டி ஓட்டை ஒரு பக்கம், நாரை ஒரு பக்கம், கொட்டையை ஒரு பக்கம், சதையை மடியோரத்துக் கூடையில் என்று பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்கும், வாய் தன் பாட்டுக்கு எவள் எவனோடு பைக்கில் போனாள், எந்த வீட்டு மாடு எந்தக் கொல்லையில் மேய்ந்தது என்று ஊரைத் தட்டி ஓடு வேறு கொட்டை வேறாகப் பிரித்துக்கொண்டே இருக்கும். சிட்டாண்டஅள்ளியில் மாசி பிறந்து பங்குனி முடிகிற வரைக்கும் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் இதுதான் பிழைப்பு. ஆனால் நாகவள்ளிக்குக் கை மட்டும்தான் இருந்தது. வாய் ஒன்று இருந்ததை அவள் அந்த ஊரில் யாருக்கும் காட்டியதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஊர் அவளை ஊமை என்றே முடிவுகட்டி, "பாவம், தீர்த்தகிரிக்கு வாய்ச்சது இப்பிடி" என்று அவள் எதிரிலேயே பரிதாபப்பட்டது. பிறகு பாப்பா பிறந்து, தூளியை ஆட்டிக்கொண்டு அவள் மெல்லப் பாடியதைப் பக்கத்து வீட்டுச் சாலம்மா சுவரோரம் நின்று கேட்டுவிட்டு வந்து தெருவுக்குச் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தொண்டை இருப்பது உறுதியானது.

அந்த ஊரில் சாப்பிடுவதற்கு ஒரு வரிசை இருந்தது. யார் போட்ட வரிசை என்று யாருக்கும் தெரியாது, அதனால் யாராலும் மாற்றவும் முடியாது. முதலில் வீட்டு ஆம்பளைகள், பிறகு வந்து போகிற ஆம்பளைகள், பிறகு பிள்ளைகள், பிறகு மாமியார், கடைசியில் சட்டியில் களி மிச்சம் இருந்தால் அதைச் சாப்பிடுகிறவள் மருமகள், மிச்சம் இல்லாவிட்டால் சட்டியைக் கழுவுகிறவளும் மருமகள். பால் கொடுக்கிற மருமகளுக்கு மட்டும் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி மோரில் கரைத்துக் குடித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை உண்டு.

அன்றைக்கும் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. உள்ளே மாமியார் காவேரம்மா களி கிண்டி, உருண்டை பிடித்து, தன் மகனுக்கும் புளி மூட்டை ஏற்ற வந்திருந்த டெம்போ ஆட்களுக்கும் வட்டலில் போட்டுக்கொண்டிருந்தாள். கொள்ளுக் கடைசலின் வாசம் கொட்டகை வரைக்கும் வந்து, தட்டிக்கொண்டிருந்த பெண்களின் மூக்கைக் கிள்ளிவிட்டுத் திரும்பிப் போனது. அப்போது நாகவள்ளியின் வயிறு, ரேடியோவில் செய்தி வாசிக்கிற துரை மாதிரி, தொண்டையைச் செருமிக்கொண்டு, தெளிவாக, நிதானமாகச் சொன்னது:

"போர்பரிக்மஸ்."

தண்டுகள் நின்றன. சாலம்மா சுற்றிலும் பார்த்தாள். "எவ செல்லுமே அது?" என்றாள். யாரிடமும் செல்போன் இல்லை. வயிறு மறுபடியும் சொன்னது. இந்தத் தடவை கடைசி எழுத்தை இழுத்து, பாம்பு சீறுகிற மாதிரி முடித்தது.

"ஏமே நாகவள்ளி, ஒன் வயித்துக்குள்ள எவனோ கோட்டு போட்டவன் ஒக்காந்திருக்கறான்மே!" என்றாள் சாலம்மா.

நாகவள்ளி முந்தானையை இழுத்து வயிற்றை மூடினாள். துணியால் மூடினால் இங்கிலீஷ் நிற்குமா? மூன்றாவது தடவையும் வந்தது. உள்ளேயிருந்து காவேரம்மா எட்டிப் பார்த்து, "வாயு. பச்சைப் புளியை வாயில போட்டிருப்பா. சுக்கு வெச்சுக் குடுத்தா சரியாப்பூடும்" என்று சொல்லிவிட்டு மகனுக்கு இன்னொரு உருண்டை போடப் போய்விட்டாள். அந்த ஊரில் அதிசயத்துக்குக் கிடைத்த முதல் மருந்து சுக்குக் கஷாயம். கஷாயம் குடித்த வயிறு இன்னும் கணீரென்று பேசியது.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. தீர்த்தகிரி பெண்டாட்டியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான். அவன் டெம்போ ஓட்டிக்கொண்டு ஓசூர் வரை போய் வருகிறவன், பார்ட்டிகளிடம் ஓகே சார் தேங்க்யூ சார் என்று பேசிப் பழகியவன், ஆனாலும் இது அவனுடைய இங்கிலீஷுக்கு எட்டாத இங்கிலீஷாக இருந்தது. ஊர்ப் பெரியதனம் கெம்பையன் வந்து கேட்டார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதும், சண்டைக்கு நியாயம் சொல்வதும், இழவுக்கு ஆள் அனுப்புவதும் அவர் வேலை. வயிறு பேசினால் என்ன செய்வது என்று அவருக்கு முன்னால் இருந்த பெரியதனம் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அதனால் அவர் மாதையனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மாதையன்தான் ஊருக்கு மேற்கே தகரக் கொட்டகை போட்டு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். வெயில் காலத்திலும் டை கட்டுவார். வீட்டு நாயைக்கூட இங்கிலீஷில்தான் விரட்டுவார். அதனால் நாய் போகாது. அவர் வந்து, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, நாகவள்ளியின் வயிற்றுக்கு எதிரே, பெரிய மனுஷருக்கு எதிரே உட்காருகிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வயிறு சொன்னது. மாதையனின் முகத்தில் வேர்த்தது.

"இங்கிலீஷ்தான்" என்றார். "சாதா இங்கிலீஷ் இல்ல. பெரிய புஸ்தகத்து இங்கிலீஷ். காலேஜ்லயே பாதிப் பேருக்குத் தெரியாது."

"அர்த்தம் இன்னா சார்?" என்றான் தீர்த்தகிரி.

"அர்த்தமெல்லாம் அப்பறம். மொதல்ல ஸ்பெல்லிங்" என்று சொல்லி, வயிற்றைப் பார்த்து, வகுப்பில் பிள்ளையை எழுப்பிக் கேட்கிற குரலில், "ஸ்பெல் இட்!" என்றார்.

வயிறு ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, மூச்சு விட்டு விட்டு, பி, ஓ, ஆர், பி, ஓ, ஆர், ஒய், ஜி, எம், யூ, எஸ் என்று சொல்லி முடித்தது. நாகவள்ளி வெட்கத்தில் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். அவள் அஞ்சாவது வரைக்கும் போனவள், அதிலும் பாதி நாள் தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவள். அவளுடைய வயிறு மட்டும் எப்போது, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நடுவுல இன்னாத்துக்கு ஒய்யி?" என்றார் கெம்பையன். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும் தெரியும், கையெழுத்துப் போடுவதற்காகக் கற்றுக்கொண்டது. "ஐயின்னு ஒண்ணு கைவசம் இருக்கறப்ப அந்த எடத்துல ஒய்யியக் கொண்டாந்து ஒக்கார வெச்சா ஐயி சும்மா வுடுமா?"

"அது பணக்கார எழுத்துங்க. அப்பப்பதான் வெளிய வரும்" என்றார் மாதையன். ஊர் ஒத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு சிட்டாண்டஅள்ளிக்கு உச்சிவேளை என்பது நாகவள்ளியின் வயிறு பேசுகிற வேளை என்று ஆகிப்போனது. ஆடு மேய்க்கிறவர்கள் அதைக் கேட்டுத்தான் ஆட்டைத் தண்ணிக்கு ஓட்டினார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளைத் தாய்மார்கள் கூட்டிக்கொண்டு வந்து, அவள் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னார்கள். பக்கத்து ஊரில் ஒருவன் அமெரிக்காவில் இருக்கிறான் என்று இத்தனை வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்த ஆட்களிடம், "ஒங்காளு இங்கிலீஷ் பேச ஏரோப்ளேன் ஏறிப் போனான், எங்க ஊருல இங்கிலீஷ் தானா வந்து வயித்துல ஒக்காந்திருக்குது" என்று டீக்கடையில் வைத்து வாயை அடைத்தார்கள். மாதையன் தன் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு பெரிய பிளக்ஸ் வைத்தார். ஆதார் கார்டில் இருந்த நாகவள்ளியின் படத்தைப் பெரிதாக்கி, திருடியைப் போல முழிக்கிற அந்தப் படத்துக்குக் கீழே வேறு யாருடையதோ ஒரு வயிற்றை ஒட்டி, அதைச் சுற்றி வட்டமாக அந்த எழுத்துகளைப் போட்டிருந்தது. "வயிற்றிலிருந்தே ஆங்கிலம்! அட்மிஷன் நடைபெறுகிறது" என்று எழுதியிருந்தது. அந்த வயிறு ஒரு ஆம்பளையுடையது என்று சாலம்மா பார்த்ததுமே சொல்லிவிட்டாள், தொப்புளில் முடி இருந்ததாம்.

ஆம்பளைகளுக்கும் ஆசை வந்தது. ஒரு நாள் காலையில் டீயும் பன்னும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கோயில் மரத்தடியில் வரிசையாகச் சட்டையைக் கழற்றிப் போட்டு மல்லாந்து படுத்து, வயிறு பேசட்டும் என்று காத்திருந்தார்கள். பதினோரு மணிக்குச் சத்தம் வந்தது, ஆனால் எல்லாம் கடமுடா, கொடகொடா என்று சுத்தத் தமிழில் வந்தது. ஒருத்தனுக்கு மட்டும் கொஞ்சம் தெலுங்கு கலந்து வந்தது; அவன் அம்மா வழி அந்தப் பக்கம். மதியம் வீட்டில் கறிக்குழம்பு என்று தெரிந்த வயிற்றுக்கு இங்கிலீஷ் வராது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

சில வீடுகளில், அடுப்படிக்கு உள்ளேயிருந்து, மதியம் தாண்டிய நேரத்தில், மெலிசாக, கூச்சத்தோடு, அதே வார்த்தை எழுந்தது. எழுந்ததும் ஒரு மாமியார் பாத்திரத்தைத் தடாலென்று போடுகிற சத்தமும் எழுந்தது. "எங்கூட்டுலயும் கேட்டுதுமே" என்று சாலம்மா நாகவள்ளியிடம் கிசுகிசுத்தாள். அவளுக்குப் பேத்தி எடுக்கிற வயசு, ஆனாலும் மாமியார் இருக்கிற வரைக்கும் அவளும் மருமகள்தான். "என் மாமியாக்காரி கேட்டுட்டு, ஒனக்கு எதுக்குடி இந்த வயசுல இங்கிலீஷுன்னு மொறத்தால அடிக்க வரா."

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தடுப்பூசி போட வந்த டாக்டரம்மா ரெஹானாதான் அர்த்தம் சொன்னாள். சின்னப் பொண்ணு, கண்ணாடி போட்டவள், பாப்பாவுக்கு ஊசி போடும்போது தாயின் வயிறு பேசியதைக் கேட்டுக் கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டாள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இன்னொரு தடவை கேட்டாள். பிறகு சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறிப்போனது.

"இது வயித்துல காத்தும் தண்ணியும் உருள்ற சத்தத்துக்கு டாக்டருங்க வெச்சிருக்கிற பேரு" என்றாள். "கிரேக்க நாட்டுல ரொம்ப காலத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் வயிறு உருள்றதக் காதக் குடுத்துக் கேட்டு, அது எப்பிடிக் கேட்டுதோ அப்பிடியே பேரா வெச்சிட்டான். இங்கிலீஷ்காரன் அத எடுத்துக்கிட்டான். சாப்பிட்ட வயிறும் உருளும், ஆனா இப்பிடி உருள்றது காலி வயிறு." நாகவள்ளியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். வெளுத்திருந்தது. "நீங்க எப்பம்மா சாப்பிட்டீங்க?"

நாகவள்ளி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கூரையைப் பார்த்தாள்.

"சாப்பிடுங்கம்மா. குழந்தைக்குப் பால் குடுக்கறீங்க. வேற மருந்து கிடையாது."

டாக்டரம்மா போன பிறகு ஊர் கூடிப் பேசியது. எல்லாருக்கும் கோபம். "பசிக்குப் போயி இத்தினி நீளமாப் பேரு வெப்பானா?" என்றார் கெம்பையன். "பசிச்சவனுக்கு இத சொல்லி முடிக்கறதுக்குத் தெம்பு ஏது? பாதியிலயே மயக்கம் போட்டுருவான். இத வெச்சவன் வயிறு முட்டத் தின்னுட்டுத்தான் வெச்சிருக்கணும்." மாதையன், டாக்டரம்மா தமிழ் மீடியத்தில் படித்தவளாக இருக்கும், அதனால் பொறாமை என்றார். இவ்வளவு உசந்த வார்த்தை வெறும் பசிக்குச் சொந்தக்காரன் என்று ஒத்துக்கொண்டால், டீக்கடையில் பேசியதெல்லாம் என்ன ஆவது? ஊர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் டாக்டரம்மா சொன்னதில் பாதி உண்மை என்று அந்த வாரமே தெரிந்துபோனது. நாகவள்ளியின் தம்பி அக்காவைப் பார்க்க வந்தவன், பொட்டலமாகப் பிரியாணியும் வாழைப்பழமும் வாங்கி வந்து, யாரும் வருவதற்குள் தின்னுக்கா என்று எதிரிலேயே உட்கார்ந்து ஊட்டாத குறையாகத் தின்னவைத்துவிட்டுப் போனான். அன்றைக்குப் பார்த்து வெளியூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். உச்சி வந்தது, உச்சி சாய்ந்தது, வயிறு வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு சின்ன ஏப்பம் வந்தது. அது எந்த பாஷையிலும் சேராது. வேன்காரர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். ஊருக்கு மானம் போனது.

அப்போதுதான் கெம்பையன் அந்த முடிவை எடுத்தார். பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்குப் பெங்களூரிலிருந்து வரதநாதன் என்று ஒரு பெரிய இங்கிலீஷ் பேராசிரியர் வருகிறார், அவர் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் ஊரின் பேர் எங்கேயோ போய்விடும், அதனால் விழா முடிகிற வரைக்கும் நாகவள்ளி வெறும் வயிற்று விரதம் இருக்க வேண்டும். அந்த ஊரில் காப்புக் கட்டினால் கட்டியதுதான். கட்டியவள் எல்லை தாண்டக்கூடாது, கட்டியதை மீறினால் மாரியாத்தா கண்ணைக் குத்திவிடுவாள். தீ மிதிக்கிறவனுக்குக் கட்டுகிற மஞ்சள் துணிக் காப்பை, ஒரு வார்த்தைக்காகப் பசி கிடக்கிறவளுக்கும் கட்டலாம் என்று எந்த ஊருக்கும் தோன்றாதது சிட்டாண்டஅள்ளிக்குத் தோன்றியது. ஆத்தா சந்நிதியில் வைத்து, கற்பூரம் காட்டி, நாகவள்ளியின் மணிக்கட்டில் கட்டினார்கள். பகலில் தண்ணீர் உண்டு, மோர் உண்டு. பொழுது சாய்ந்தால், உயிர் தங்குவதற்கு அரை உருண்டை.

காப்புக் கட்டிய மறுநாளிலிருந்து வயிறு சொன்னது சொன்னபடி பேசியது. பால்தான் நின்றுபோனது.

பாப்பாவுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. மாரில் வாயை வைத்து இழுத்துப் பார்க்கும், ஒன்றும் வராது, வாயை எடுத்துவிட்டு, சரக்கு இல்லாத கடைக்காரனைப் பார்க்கிற மாதிரி தாயை ஒரு பார்வை பார்க்கும், மறுபடியும் இழுக்கும், பிறகு கத்தும். மாட்டுப்பாலைக் கரண்டியில் புகட்டினால் காவேரம்மாவின் புடவையிலேயே திருப்பிக் கொடுத்துவிடும். கத்திக் கத்தி அதன் குரல் தேய்ந்து, பூனைக்குட்டியின் குரலாகிப்போனது. ஒரு நாள் கத்துவதைக்கூட நிறுத்திவிட்டு, தூளிக்குள் கிடந்தபடி சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் தீர்த்தகிரி வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவள் கிட்டத்தில் போய் நின்றாள்.

"இன்னா?" என்றான் அவன்.

"பால் வரல மாமா."

"எந்தப் பாலு?"

அவள் உள்ளே தொங்கிய தூளியைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்து, வாளியைக் கீழே வைத்தான். அவன் கெட்டவன் இல்லை. ஊருக்குள் இங்கிலீஷ்காரி புருஷன் என்று கூப்பிடுகிறார்கள், டீக்கடையில் உட்கார இடம் விடுகிறார்கள், அந்தச் சுகம் அவன் கண்ணைக் கொஞ்சம் மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

"வெள்ளிக்கெழம விழா முடிஞ்சுரும்மே. மாதையன் சார் நம்ம பாப்பாவுக்கு எல்கேஜி சீட்டு தரேன்னு சொல்லியிருக்கறாரு. நாள பின்ன அவ இங்கிலீஷ் பேச வேணாமா?"

பாப்பா பேசுவதற்கு முதலில் இருக்க வேண்டுமே என்று நாகவள்ளி நினைத்தாள். நினைத்தது வாய் வரைக்கும் வந்து, வழக்கம்போல, பல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டது. வயிறுதான் அவளுக்குப் பதிலாக அந்த ஒரே வார்த்தையைச் சொன்னது. தீர்த்தகிரி அதைக் கேட்டுப் பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டு டயரைக் கழுவப் போனான்.

வெள்ளிக்கிழமை விழாப் பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது. முன்னால் ஆம்பளைகள், நடுவில் பிள்ளைகள், பின்னால் பெண்கள். பந்தலுக்குப் பின்புறம் அண்டா அண்டாவாகச் சாம்பாரும், கத்திரிக்காய்ப் பொரியலும், சேமியா பாயசமும் கொதித்துக்கொண்டிருந்தன. மேடையில் பேராசிரியர் வரதநாதன் நரைத்த மீசையோடு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாகவள்ளியை மேடையில் ஏற்றி நிற்க வைத்து, மைக் செட்டுக்காரன் மைக்கை இறக்கி அவள் வயிற்றுக்கு நேரே பிடித்தான். நாலு பேருக்கு எதிரில் எச்சில் விழுங்கவே கூச்சப்படுகிறவளுக்கு எதிரில் ஒரு ஊரே அவள் இடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வயிறு பேசியது. கூம்பு ஸ்பீக்கர் அதை எடுத்துக்கொண்டு போய் மலையில் மோதித் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தது. பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"உச்சரிப்பில் ஒரு குறை இல்லை" என்றார். "முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், எனக்கே இப்படி வராது. இன்னொரு தடவை!"

இன்னொரு தடவையும் வந்தது. அதற்கு மேலும் வந்தது. கூட்டம் கை தட்டியது. கை தட்டிய சத்தத்தில் பின்னால் காவேரம்மாவின் இடுப்பில் இருந்த பாப்பா திடுக்கிட்டு, இத்தனை நாள் சேர்த்துவைத்திருந்த தெம்பையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, ஒரு கத்து கத்தியது.

"அம்மா" என்று பேராசிரியர் கும்பிட்டபடி கேட்டார், "இதைத் தவிர உங்களுக்கு வேறு என்ன வார்த்தை தெரியும்? சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்."

மாதையன் ஓடிவந்து மைக்கை வயிற்றுக்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்தார். நாகவள்ளி அந்த மைக்கைக் கையால் பிடித்து மேலே தூக்கினாள், வயிற்றைத் தாண்டி, மாரைத் தாண்டி, வாய் வரைக்கும் தூக்கினாள், ஊர் பார்த்திராத அந்த வாயைத் திறந்தாள்.

"சோறு" என்றாள்.

மலை அதையும் திருப்பிச் சொன்னது.

பிறகு அவள் மேடையை விட்டு இறங்கி, ஆம்பளைகளைத் தாண்டி, பிள்ளைகளைத் தாண்டி, காவேரம்மாவின் இடுப்பிலிருந்து பாப்பாவை வாங்கிக்கொண்டு, பந்தலுக்குப் பின்புறம் போனாள். அங்கே பேராசிரியருக்கென்று தனியாக நுனியிலை போட்டு, தண்ணீர் தெளித்து, இனிப்பு வைத்திருந்தது. அவள் அந்த இலைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா, இது சீப்கெஸ்ட்டு எலைம்மா" என்றான் சமையல்காரன்.

"போடுங்கண்ணா."

"மொதப் பந்தி ஆம்பளைங்களுக்கும்மா!"

"போடுங்கண்ணா" என்றாள் மறுபடியும். அவளுக்கு இந்த இரண்டு வார்த்தை கைவந்துவிட்டது.

கெம்பையன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "காப்பு கையில இருக்குதுமே! ஆத்தா சும்மா வுட மாட்டா!"

நாகவள்ளி அவரை நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சள் காப்புக் கட்டிய அந்தக் கையாலேயே ஒரு வாய் சோற்றை எடுத்துப் போட்டு, மென்று, முழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள். "ஆத்தாவுக்கு மொதல்ல கூழ் ஊத்திட்டுத்தானே நீங்கல்லாம் குடிக்கறீங்க, மாமா? அவள எப்பவாவது கடசில ஒக்கார வெச்சிருக்கீங்களா?"

கெம்பையன் தூக்கிப் பிடித்திருந்த வேட்டியைக் கீழே விட்டார். அப்போது பந்தலின் பின்வரிசையிலிருந்து, சாலம்மாவின் வயிறு அந்த வார்த்தையைச் சொன்னது, கூச்சமில்லாமல், ஊர் கேட்க. அதற்குப் பக்கத்திலிருந்து இன்னொன்று. மேலத் தெருவிலிருந்து ஒன்று, கொட்டாய்ப் பக்கத்திலிருந்து ஒன்று, நேற்றுக் கல்யாணமாகி வந்த ஒரு பொண்ணிடமிருந்து ஒன்று, மாமியாராகியும் தன் மாமியாருக்கு மருமகளாகவே இருந்து நரைத்துப்போன ஒருத்தியிடமிருந்து ஒன்று என்று எல்லா மருமகள்களின் வயிறுகளும் சேர்ந்து, கோயிலில் பஜனை பாடுகிற மாதிரி, இங்கிலீஷில் எழுந்தன. தடாலென்று போட்டு மறைக்க அங்கே எந்த மாமியார் கையிலும் பாத்திரம் இல்லை. சாலம்மா எழுந்தாள். "வாங்கடி, எலை காஞ்சு போவுது" என்றாள். பெண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். சமையல்காரன் ஆள் பார்க்காமல் இலை பார்த்துப் பரிமாறிப் பழகியவன். இலை காலியானால் கரண்டி தானாகப் போகும்.

அவர்கள் சாப்பிட்ட சாப்பாடு! ரசத்துக்குப் போய்விட்டு மறுபடி சாம்பாருக்கு வந்தார்கள். பாயசத்தை இலையிலேயே ஊற்றி உறிஞ்சினார்கள். ஆம்பளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு செருமினார்கள், பிறகு அண்டாவை எட்டிப் பார்த்தார்கள். அண்டாவின் அடியில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. மிச்சம் இருக்குமோ இருக்காதோ என்று அவர்கள் தங்கள் ஆயுசில் முதல் தடவையாக யோசித்த அந்த நேரத்தில், பேராசிரியர் வரதநாதனின் கோட்டுக்குள்ளிருந்து, பழைய காலத்து லண்டன் உச்சரிப்பில், அந்த வார்த்தை வந்தது. கெம்பையனுக்கு வந்தது. தீர்த்தகிரிக்கு வந்தது. மாதையனின் வயிறு ஸ்பெல்லிங்கோடு சொன்னது, ஆனால் ஒய் இருக்க வேண்டிய இடத்தில் ஐ போட்டது.

நாகவள்ளிக்கு அது எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை போட்ட சோறு உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்போதே மார் இரண்டும் கனத்து, குறுகுறுத்து, ரவிக்கை நனைந்தது. இலையில் கை வைத்தபடியே முந்தானையை இழுத்துவிட்டுப் பாப்பாவை மாரில் போட்டாள். பாப்பா சந்தேகமாக ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது.

இப்போது அந்த ஊரில் எந்த வீட்டில் எந்த வயிறு பேசும் என்று சொல்ல முடியாது. மாதையனுடையது அடிக்கடி பேசுகிறது, அவர் சம்சாரம் மகளிர் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டு நேரம் கழித்துத்தான் வருகிறாள். கெம்பையன் தன் வயிறு பேசினால் இருமி மறைத்துவிடுகிறார். சில வீடுகளில் பழைய வரிசையே திரும்பி வந்துவிட்டது, அங்கெல்லாம் உச்சி சாய்ந்தால் இங்கிலீஷ் கேட்கிறது, கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரிகள் வேலியோரம் வந்து நின்று, "ஏமே, யாரு அங்க இன்னும் சாப்பிடாதவ?" என்று குரல் கொடுக்கிறார்கள், அந்த வீட்டு மாமியாருக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை. காவேரம்மா அந்த விஷயத்தில் ரொம்ப உஷார். மறுபடியும் மருமகள் வயிறு வாயைத் திறந்து, மறுபடியும் கூட்டம் கூடி, காவேரம்மா வாசலில் ஆசையாக வைத்த முருங்கைக் கன்றை மிதித்து முறித்துவிட்டால் யார் பதில் சொல்வது?

நேற்றுக் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது சாலம்மா கேட்டாள், "ஏமே நாகவள்ளி, நெசமாச் சொல்லு, அது உள்ளாற இருக்கறப்ப எப்பிடிமே இருந்துது? எனக்கு வந்தது ஒண்ணு ரெண்டு நாளு, ஒனக்கு எத்தினி நாளு!" நாகவள்ளி குடத்தைக் கீழே வைத்தாள். யாரும் இதுவரைக்கும் அவளிடம் அதைக் கேட்டதில்லை, டாக்டரம்மாவும் கேட்கவில்லை, பேராசிரியரும் கேட்கவில்லை. அவள் கொஞ்சம் யோசித்து, வெட்கப்பட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு, "அது வந்துக்கா, மொதல்ல தொப்புளுக்குக் கீழ எவரோ கதவத் தட்டற மாதிரி இருக்கும், யாருன்னு கேட்டா பேரு சொல்லாது, அப்பறம் மெதுவா மேல ஏறி நெஞ்சுக்குழிக்கிட்ட வந்து ஒக்காந்துக்கிட்டு, நானு ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு சொல்லும், இன்னா வேணும்னு நானு கேட்டேன்னா, அது என் மொகத்தப் பார்த்து, நெசமாக்கா, அதுக்கு மொகம்கூட இருந்துது, அது என்னப் பார்த்து—"

வீட்டு வாசலிலிருந்து காவேரம்மாவின் குரல் வந்தது: "ஏமே நாகவள்ளி! வட்டல்ல போட்ட களி ஆறுது! எல்லாரும் ஒனக்காக எத்தினி நேரம் கையக் கழுவிக்கிட்டு ஒக்காந்திருக்கறது? வரியா, இல்ல நானே அங்க வந்து ஒன்ன இழுத்துக்கிட்டு—"